விரலில் 98 காட்டினால் எல்லாம் சரியா?

போன ஞாயிறும் அதே கதைதான். ஒன்ராறியோவில், உறைந்த சிம்கோ ஏரியில் துளையிட்டு மீன் பிடிக்கும் ஐஸ் மீன்பிடிப் போட்டி முடிந்து, ஒரே கூடாரத்துக்குள் இருந்த நாலு பேர் ஒரே வாகனத்தில் எங்கள் அவசரப் பிரிவுக்கு வந்திறங்கினார்கள். நாலு பேருக்கும் தலையிடி. இரண்டு பேருக்குச் சத்தி. நான் கேள்வி கேட்கத் தொடங்கமுன்னமே ஒருவர் ஜக்கெற்றுக்குள்ளிருந்து விரலில் மாட்டும் ஒட்சிசன் மீற்றரை எடுத்து நீட்டினார்.

"அக்கா, பாருங்கோ, 98 நிக்குது. எங்களுக்கு ஒண்டுமில்லை. குளிர் பிடிச்சிட்டுது, அவ்வளவுதான்."

நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரித் தலையிடித்தால் அது குளிரில்லைத் தம்பி.

கோவிட் காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்த மீற்றர் அது. நல்ல சாமான்தான், நாங்களும் வருகிறவர்களின் விரலில் முதலில் அதைத்தான் மாட்டுகிறோம். ஆனால் கூடாரத்துக்குள் எரிகிற ஹீற்றரிலிருந்து வரக்கூடிய நச்சு வாயுவான காபன் மொனொக்சைட் விடயத்தில் அதை நம்பவே கூடாது. பஸ்ஸில் எத்தனை சீற் நிறைந்திருக்கிறது என்று மட்டும் எண்ணிவிட்டு, யார் இருக்கிறார்கள் என்று பாராமல் இறங்கிப் போகிற கொண்டக்டர் மாதிரி அது. இரத்தத்தில் ஒட்சிசன் இருக்கவேண்டிய இடத்தில் காபன் மொனொக்சைட் ஏறிக் குந்தியிருந்தாலும், மீற்றர் அனுப்பும் சிவப்பு ஒளிக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் தெரியும். அதனால் 98 என்றே காட்டும். சில வேளை 99 கூட. மூளைக்கு ஒட்சிசன் போய்ச் சேராமல் ஆள் தள்ளாடிக்கொண்டிருக்கும்போதும் அதையேதான் காட்டும். இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் காபன் மொனொக்சைட் ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டும். ஏறினால் லேசில் இறங்காது. எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்க இரத்தம் எடுத்துத் தனிப் பரிசோதனை செய்யவேண்டும். புகைக்காதவருக்கு மூன்று வீதத்துக்குள் இருக்கவேண்டியது அன்று மீற்றர் காட்டிய தம்பிக்கு இருபதைத் தாண்டியிருந்தது. விரலில் அப்போதும் 98.

அடுத்து "மணமே வரேல்லையே, புகையும் இல்லை" என்பார்கள். வராது. மணம், நிறம் இரண்டும் இல்லாத வாயு அது.

மூன்றாவதாக வருவதுதான் எனக்கு உண்மையில் எரிச்சல்: "எங்கட ஹீற்றரில சென்சர் இருக்கு." இருக்கிறது, ஒட்சிசன் குறைந்தால் ஹீற்றரை நிறுத்தும் சென்சர். காபன் மொனொக்சைட்டை அது அளப்பதில்லை. ஹீற்றரின் பேர்னரில் தூசி அடைத்து, எரிபொருளான புரொப்பேன் சரியாக எரியாவிட்டால், கூடாரத்தில் ஒட்சிசன் குறைவதற்கு எவ்வளவோ முன்னமே நச்சு வாயு சேரத் தொடங்கிவிடும். சென்சர் பேசாமல் இருக்கும்.

சும்மா பொழுதுபோக்கு மீன்பிடிக்கும் போட்டிக்கும் இதில் வித்தியாசம் உண்டு. பொழுதுபோக்குக்குப் போனவர் தலையிடித்தால் கூடாரத்தின் சிப்பைத் திறந்து வெளியே வருவார், ஒரு தேத்தண்ணி குடிப்பார். போட்டிக்காரர் துளையை விட்டு எழும்பமாட்டார். முடிவு ஹோர்ன் அடிக்குமட்டும் ஒவ்வொரு நிமிடமும் காசு. வெளியே இருந்தால் தூண்டில் தடியின் வளையங்களில் ஐஸ் கட்டிவிடும், கையுறை இல்லாமல் புழு கோர்க்க விரல் வராது. ஆகவே கூடாரத்தை இறுக்கிப் பூட்டுவார். துளைக்குள் மீன் தெரியவேண்டுமென்று யன்னலையும் மூடி இருட்டாக்குவார். காற்று வரக்கூடாதென்று கூடாரத்தின் பாவாடை விளிம்பைச் சுற்றி ஸ்னோவை வாரிக் குவித்து மிதித்து அடைப்பார். அன்று வந்தவர்களும் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்திருந்தார்கள். இவ்வளவும் செய்துவிட்டு, "துணிக் கூடாரம்தானே, காத்து எப்பிடியும் வரும்" என்பதை மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்.

2008 டிசம்பரில் இதே ஒன்ராறியோவில், வூட்ஸ்ரொக்கில், ஒரே வீட்டில் தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் காபன் மொனொக்சைட்டால் இறந்தார்கள். அதன் பிறகுதான் வீடுகளில் அலாரம் கட்டாயம் என்ற சட்டம் வந்தது. நீங்கள் ஏரியில் விரிக்கிற கூடாரத்துக்குள் அலாரம் இருக்கிறதா என்று ஒருவரும் வந்து பார்க்கப்போவதில்லை. நீங்கள்தான் கொண்டுபோகவேண்டும். மீனைத் தேடும் சோனாருக்கு நூற்றுக்கணக்கில் செலவழிக்கிறீர்கள். அலாரம் அதில் ஒரு சிறு பங்கு வராது. வீட்டு அலாரங்கள் பலவும் உறைகுளிரில் சரியாக வேலை செய்யாது. கராவனுக்கும் படகுக்குமென்று விற்பதை வாங்குங்கள். பற்றரியை ஜக்கெற்றுக்குள் சூடாக வைத்துக்கொண்டுபோய் அங்கே போடுங்கள். இருக்கும்போது முகம் இருக்கிற உயரத்தில் தொங்கவிடுங்கள்.

கூடாரத்தின் மேல் துவாரம் ஒன்று, கீழ்த் துவாரம் ஒன்று, இரண்டும் திறந்தே இருக்கவேண்டும். ஸ்னோவால் அடைக்காதீர்கள். ஜெனரேற்றரையும் ஓடிக்கொண்டிருக்கிற ட்ரக்கையும் கூடாரத்தோடு ஒட்டி நிறுத்தாதீர்கள். ஹீற்றரை எரியவிட்டு நித்திரை கொள்ளாதீர்கள். கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோகவே வேண்டாம். பிடித்த பேர்ச் மீனை அங்கேயே பொரித்துச் சாப்பிட ஆசை எல்லாருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. வெளியே வைத்துச் செய்யுங்கள். தணல் அணைந்த மாதிரி இருந்தாலும் வாயு வந்துகொண்டேதான் இருக்கும்.

அலாரம் அடித்தால், அல்லது இரண்டு பேருக்குச் சேர்ந்து தலை சுற்றினால், எல்லாரும் வெளியே வந்து 911 ஐக் கூப்பிடுங்கள். சிப்பைக் கொஞ்சம் திறந்துவிட்டு "இன்னும் அரை மணித்தியாலம்தானே" என்று திரும்ப உட்காருவது வேண்டாம், தயவுசெய்து.

ஐஸ் தடிப்பைப் பற்றி நான் நீட்டப்போவதில்லை, ஓரளவு தெரிந்திருப்பீர்கள்: நடக்க தெளிந்த புது ஐஸ் 10 சென்ரிமீற்றராவது வேண்டும், வெள்ளை ஐஸ் என்றால் அதன் இரட்டிப்பு. தடிப்பு மட்டும் போதாது என்பதற்கு ஈரி (Erie) ஏரியில் 2009 பெப்ரவரியில் நடந்ததைப் பாருங்கள். ஒஹாயோக் கரையிலிருந்து ஐஸ் தட்டு பிரிந்து மிதக்க, நூற்று முப்பது பேருக்கு மேல் மீட்கவேண்டி வந்தது, ஒருவர் இறந்தார். காற்றின் திசையையும் பாருங்கள். விரல் மரத்துப்போனால் ஸ்னோ போட்டுத் தேய்க்காதீர்கள், ஹீற்றருக்கு மேலே பிடிக்காதீர்கள். உணர்ச்சி இல்லாத விரல் வெந்தாலும் தெரியாது. 37 முதல் 39 பாகை வரையான வெதுவெதுப்பான தண்ணீர் போதும், அதுவும் திரும்ப உறையாது என்று நிச்சயமான இடத்துக்கு வந்த பிறகு.

பெப்ரவரியில் வருகிற குடும்ப தின வார இறுதியில் லைசென்ஸ் இல்லாமல் மீன் பிடிக்கலாம் என்பதால் ரொறன்ரோவிலிருந்து நிறையக் குடும்பங்கள் முதல்முறையாக வருகின்றன. போட்டி நடத்துகிறவர்களிடம் ஒரு கேள்வி: எத்தனை தூண்டில், எத்தனை மணிக்கு நிறை பார்ப்பது என்றெல்லாம் ஒலிபெருக்கியில் சொல்கிறீர்களே, துவாரத்தைத் திறந்து வையுங்கள் என்று இன்னொரு வசனம் சொன்னால் என்ன?

வைத்தியசாலைக்கு வந்தால் முதல் வசனமாக "கூடாரத்துக்குள் ஹீற்றர் எரிந்தது" என்று சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் பொங்குகிற ஃப்ளூ காலத்தில் ஃப்ளூ என்றுதான் எழுதப்படும். வரும் வழியில் நல்ல காற்றைச் சுவாசித்திருப்பீர்கள், அளவு இறங்கத் தொடங்கியிருக்கும். ஆகவே எத்தனை மணிக்கு வெளியே வந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சாதாரணக் காற்றில் அது பாதியாகக் குறைய நாலைந்து மணித்தியாலம் எடுக்கும். ஒட்சிசன் மாஸ்க்கோடு ஒன்று, ஒன்றரை மணித்தியாலம். கூடாரத்தில் கர்ப்பிணிப் பெண் இருந்திருந்தால், அவருக்கு ஒன்றும் செய்யாவிட்டாலும் கூட்டிவாருங்கள், வயிற்றில் உள்ள பிள்ளைக்குத்தான் கூடப் பாதிப்பு. இரண்டு மூன்று கிழமை கழித்து ஞாபகமறதி, எரிச்சல், நடையில் தடுமாற்றம் வந்தால் திரும்ப வாருங்கள். விரல் மீற்றரை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.