காணொலியை எங்கே நிறுத்துவது?

பென்னாகரம் வட்டாரத்தில், மலையடிவாரத்து நடுநிலைப் பள்ளி ஒன்றின் ஆறாம் வகுப்பில் பின்வரிசையில் அமர்ந்திருந்தேன். விதை முளைப்பதைக் காட்டும் ஐந்து நிமிடக் காணொலி ஓடிக்கொண்டிருந்தது. ஈரத்தில் ஊறிப் பருத்த அவரை விதை தோல் கிழிந்து, இரண்டு பருப்புகளையும் சுமந்துகொண்டு மண்ணுக்கு மேலே எழுந்த நொடியில் ஆசிரியை படத்தை நிறுத்தினார். "நம்ம காட்டுல வேற எது இப்படி முளைக்கும்?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றார். சற்று நேரம் கழித்து ஒரு சிறுமி எழுந்து, "புளியங்கொட்டையும் இப்படித்தான் டீச்சர் பொளந்து வரும். ராகி மட்டும் ஊசி மாதிரி ஒத்தையா வரும்" என்றாள். ராகிக் காட்டில் அவரையையும் ஊடே விதைக்கும் ஊர் அது. ஒருவித்திலை, இருவித்திலை என்ற சொற்கள் காதில் விழும் முன்பே, அந்த வேறுபாட்டை அவள் தன் காட்டிலிருந்து எடுத்து வந்து வகுப்பின் முன் வைத்துவிட்டாள். அதன்பின் நடந்த உரையாடலிலேயே பாடவேளை முடிந்தது. காணொலியின் மீதி மறுநாள்தான் ஓடியது.

வகுப்பறையில் காணொலியைப் பயன்படுத்துவது பற்றி ஆசிரியர்களுக்கு இணையவழிப் பயிற்சிக் கட்டகங்கள் தயாரிப்பது என் வேலை. அன்று அந்த ஆசிரியை செய்ததை என்னுடைய எந்தக் கட்டகமும் கற்றுத்தந்திருக்கவில்லை என்பதை நான் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். நான் முதலில் தயாரித்த கட்டகம், காணொலியைப் பதிவிறக்குவது, புரொஜெக்டருடன் இணைப்பது, வேண்டாத பகுதியை வெட்டுவது ஆகியவற்றை ஐம்பது நிமிட உரையாகச் சொல்லி, முடிவில் பத்து வினாக்கள் கேட்டுச் சான்றிதழ் கொடுத்தது. பங்கேற்ற அனைவரும் தேர்ச்சி பெற்றார்கள். பிறகு பள்ளிகளுக்குப் போய்ப் பார்த்தபோது, பெரும்பாலான வகுப்புகளில் காணொலி முதலிலிருந்து கடைசி வரை நிற்காமல் ஓடியது, முடிந்ததும் ஆசிரியர் "புரிஞ்சுதா?" என்று கேட்க, மாணவர்கள் ஒரே குரலில் "புரிஞ்சுது சார்" என்றார்கள்.

இதில் ஆசிரியர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. என் பயிற்சியும் அவர்களுக்கு அதையேதான் செய்திருந்தது: நீண்ட படத்தை ஓடவிட்டு, கடைசியில் வினா கேட்டது. தமக்குக் கற்பிக்கப்பட்ட முறையிலேயே ஆசிரியர்கள் கற்பிக்கிறார்கள். ஆகவே, இணையவழிப் பயிற்சியில் உள்ளடக்கத்தைவிட அதன் நடப்பு முறையே ஆசிரியரிடம் அதிகம் தங்குகிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இப்போதைய கட்டகத்தில் எந்தக் காணொலியும் ஆறு நிமிடத்தைத் தாண்டுவதில்லை. இணையவழிப் படிப்புகளை வழங்கும் எட்எக்ஸ் தளத்தில் 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து 2014ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, காணொலி எவ்வளவு நீளமாக இருந்தாலும் பார்ப்பவர்கள் பொதுவாக ஆறு நிமிடத்துக்கு மேல் தங்குவதில்லை என்று கண்டது. அது தனியாக அமர்ந்து கற்போரைப் பற்றிய ஆய்வு என்பதால் ஆசிரியர் பயிற்சிக்குப் பொருந்தும். நாற்பது பிள்ளைகள் சேர்ந்து பார்க்கும் வகுப்பறைக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வகுப்பில் கணக்கிட வேண்டியது, ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்த நிறுத்தத்துக்கும் இடையில் உள்ள நேரம்.

கட்டகத்தின் காணொலி தானாகவே இரண்டு இடங்களில் நின்றுவிடும். அங்கே ஆசிரியர் தன் விடையை எழுதியோ பேசியோ பதிந்தால்தான் மேலே நகரும். அதன்பின் அவர் தன் பாடத்துக்கான காணொலி ஒன்றை எடுத்துக்கொண்டு, எந்த நிமிடம் எந்த நொடியில் நிறுத்தப்போகிறார், அங்கே என்ன கேட்கப்போகிறார் என்று எழுத வேண்டும். காணொலியைத் தேடுவதில் இன்று சிரமம் இல்லை. பாடநூலில் உள்ள க்யூஆர் குறியீடு, பாடப்பொருள்களுக்காக மத்திய அரசு 2017இல் தொடங்கிய தீக்‌ஷா தளம், 2019இல் ஒளிபரப்பைத் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி என்று வாயில்கள் பல. சிரமம் அந்த நொடியைத் தேர்வு செய்வதில்தான் இருக்கிறது. பலர் முதலில் படம் முடியும் இடத்தையே நிறுத்தமாக எழுதி அனுப்புகிறார்கள். விடை திரையில் தெரிவதற்குச் சற்று முன்பு நிறுத்திப் பாருங்கள் என்று பதில் அனுப்பினால், அடுத்த முறை பெரும்பாலும் சரியாக வந்துவிடுகிறது.

தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வேறொரு பாடம் கிடைத்தது. அங்கே வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசும் பிள்ளைகள் ஏராளம். காணொலியின் வேகமான தமிழ் அவர்களுக்குப் பிடிபடவில்லை. ஓர் ஆசிரியர் ஒலியை முழுவதும் அணைத்துவிட்டு, படம் ஓட ஓடத் தானே நிதானமாகத் தமிழில் விளக்கி, தேவையான இடத்தில் ஒரு கன்னடச் சொல்லைச் சேர்த்துக்கொண்டார். ஒலியை அணைப்பதும் ஒரு கற்பித்தல் உத்தி என்று அன்றே கட்டகத்தில் சேர்த்தேன்.

கருவியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வத்தல்மலை, சித்தேரி, அஞ்செட்டி போன்ற இடங்களில் பணிபுரிவோர் பலர் பேருந்தில் திரும்பும் வழியில் கைபேசியில்தான் பயிற்சியைப் பார்க்கிறார்கள். சிக்னல் வரும், போகும். நொடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் பதிந்த ஆறு நிமிடக் காணொலி 45 எம்பி ஆகிறது. அதைப் பாதியாகச் சுருக்கினாலும் பேசுபவரின் முகமும் எழுத்தும் தெளிவாகத் தெரிகின்றன. எனவே சுருக்கிய பதிப்பையும் ஒலி மட்டுமுள்ள பதிப்பையும் முன்கூட்டியே பதிவிறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறோம். வகுப்புக்கான காணொலியைப் பென் டிரைவில் கொண்டுபோவதை இன்னும் பரிந்துரைக்கிறேன்.

வகுப்பு எடுத்து முடித்த ஆசிரியர், என்ன கேட்டேன், என்ன பதில் வந்தது என்று இரண்டு நிமிடக் குரல்பதிவாகக் குழுவுக்கு அனுப்புகிறார். படிவங்களைவிட இது எளிது. அதில் பிள்ளைகளின் சொற்களும் அப்படியே வந்துவிடுகின்றன. வகுப்பைப் படம்பிடித்து அனுப்பச் சிலர் ஆர்வம் காட்டினார்கள். பெற்றோரின் எழுத்துவழி ஒப்புதல் இல்லாமல் பிள்ளைகளின் முகம் எந்தக் குழுவிலும் பகிரப்படக் கூடாது என்பதால் அதை மறுத்துவிட்டோம். அந்தப் பென்னாகரத்து ஆசிரியையிடம் பேசியிருக்கிறேன். அவரது கேள்வியும், அதன்பின் அவர் காத்த மௌனமும், பிள்ளைகளின் பெயர் இல்லாமல் அவர் குரலிலேயே சொல்லப்பட்டு, அடுத்த கட்டகத்தின் முதல் அலகாக வருகின்றன.