'கிரேடு 1' என்ற ஒரு வரிக்கு அஞ்சி நடையை நிறுத்தாதீர்கள்

சென்ற மாதம் நெல்லிக்குப்பத்திலிருந்து, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் புதுச்சேரியில் உள்ள என் கிளினிக்கிற்கு வந்திருந்தார். வயது 68. மஞ்சள் பையிலிருந்து அவர் எடுத்து வைத்த எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டின் கடைசி வரிக்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடுகள் இழுக்கப்பட்டிருந்தன. விடைத்தாள் திருத்திய கை அல்லவா. 'கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்' என்பதே அந்த வரி. இதயத் தசை தளர்ந்து விரிவதில் லேசான குறை என்று அதற்குப் பொருள். அதைப் படித்த நாளிலிருந்து எட்டு மாதங்களாக அவர் காலை நடைக்குப் போகவில்லை, மாடிப்படி ஏறவில்லை. மகன் கட்டிலையே கீழ்த்தளத்துக்கு இறக்கிப் போட்டுவிட்டார். "பாதி இதயம் வேலை செய்யலைன்னு எழுதியிருக்காங்க சார்" என்றார் அவருடைய மனைவி. அதே தாளில் நான்கு வரி மேலே, பம்பிங் (ஒவ்வொரு துடிப்பிலும் கீழறை வெளியே அனுப்பும் இரத்தத்தின் பங்கு) 64 சதவீதம், அதாவது இயல்பான அளவு, என்று இருந்தது. அதற்கு யாரும் கோடு போடவில்லை.

அந்த வாரத்தில் இதே வரியைக் காட்டி என்னிடம் கலங்கியவர்களில் அவர் நான்காமவர். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

இதயத்தின் வேலை சுருங்குவது மட்டும் என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவே கீழறைத் தசை தளர்ந்து விரிய வேண்டும். அப்போதுதான் நுரையீரலிலிருந்து மேலறைக்கு வந்த இரத்தம் மைட்ரல் வால்வு வழியாகக் கீழே இறங்கும். இது இரண்டு தவணைகளில் நடக்கிறது. வால்வு திறந்தவுடன் பெரும்பகுதி தானாகவே பாய்ந்து இறங்கும். கடைசியில் மேலறை சுருங்கி மிச்சத்தைத் தள்ளிவிடும். எக்கோ திரையில் இவை இரண்டு மேடுகளாகத் தெரியும். முதல் மேட்டை ஈ அலை என்றும் இரண்டாவதை ஏ அலை என்றும் சொல்வோம். இருபது வயதுப் பிள்ளைக்கு முதல் மேடு உயர்ந்தும் இரண்டாவது குட்டையாகவும் இருக்கும். வயது ஏற ஏறத் தசை தளர்வதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் நீளுவதால் முதல் பாய்ச்சல் தணிகிறது, மேலறையின் தள்ளல் அதை ஈடுகட்டுகிறது. அறுபதுகளில் இரண்டு மேடுகளும் ஏறத்தாழச் சம உயரத்துக்கு வந்து, அதன்பின் இரண்டாவது மேடு முந்திக்கொள்ளும். இளமையில் கீழறை நிரம்புவதில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ தந்த மேலறை, முதுமையில் மூன்றில் ஒரு பங்கு வரை தருகிறது. வெளியே அனுப்பும் திறனோ, ஓய்வாக இருக்கும் நிலையில், ஆரோக்கியமான முதியவருக்கு வயதால் மட்டும் குறைவதில்லை.

தலைமை ஆசிரியரின் ரிப்போர்ட்டில், முதல் மேட்டின் உயரத்தை இரண்டாவதன் உயரத்தால் வகுத்த விகிதம் 0.8. முப்பது வயதுக்காரருக்கு இந்த எண் வந்திருந்தால் நானே புருவத்தை உயர்த்தியிருப்பேன். 68 வயதில் அது நரைத்த மீசையைப் போன்றது. அமெரிக்க, ஐரோப்பிய எக்கோ சங்கங்கள் 2016-இல் கூட்டாக வெளியிட்ட வழிகாட்டுதலில், பம்பிங் நன்றாக உள்ளவருக்கு இந்தக் கோளாறு உண்டா என்று முடிவு செய்ய முதலில் பார்க்கச் சொல்லும் நான்கு அளவுகளில் இந்த விகிதம் இல்லவே இல்லை. ஆயினும் ஒன்றுக்குக் கீழே கண்டவுடன் 'கிரேடு 1' என்று தட்டச்சு செய்துவிடும் வழக்கம் எங்கள் தொழிலில் இன்னும் தொடர்கிறது. நோயாளியை மட்டும் கடிந்து பயனில்லை, எங்கள் மீதும் குற்றம் இருக்கிறது.

என்னை மிகவும் சோர்வடையச் செய்வது வேறொரு கேள்வி: "அப்போ எத்தனை பிளாக் இருக்கு டாக்டர்?" இதயத்தின் அறைகளுக்குள் வந்து போகும் இரத்தம் வேறு, இதயத் தசைக்கு உணவூட்டும் இரத்தம் வேறு. பின்னது மகாதமனியின் தொடக்கத்தில் பிரியும் கரோனரிக் குழாய்களின் வழியாகத் தசைக்குள் செல்கிறது. அடைப்பு என்று நாம் சொல்வது அந்தக் குழாய்களில் ஏற்படுவது. சாதாரண எக்கோவில் அந்த அடைப்பைச் சதவீதம் போட்டுச் சொல்ல முடியாது. அடைப்பால் தசையின் அசைவு குறைந்திருந்தால் அதைக் காணலாம், அவ்வளவுதான். அறை மெதுவாக நிரம்புகிறது என்று எழுதியிருப்பதை அடைப்பு என்று படித்து, ஆஞ்சியோ எடுக்க நாள் குறித்துக்கொண்டு வருகிறார்கள். அடைப்பு இல்லவே இல்லை என்பதற்கும் இந்த வரி சான்று ஆகாது. அதற்குத் தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி, நடக்கும்போது நெஞ்சு இறுக்குகிறதா என்பது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். மெதுவாக நிரம்பும் இதயத்துக்கு நேரமும் மேலறையின் உதவியும் போதிய நீரும் தேவை. நிமிடத்துக்கு 70 துடிப்பு இருக்கும்போது நிரம்புவதற்கு ஏறத்தாழ அரை நொடி கிடைக்கிறது. 140 ஆனால் அதில் பாதி கூட மிஞ்சாது. மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் துடிதுடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்தால், இளைஞரால் தாங்க முடிந்ததை முதியவரால் தாங்க முடிவதில்லை. ஒரே நாளில் மூச்சு முட்டும். மேலறையில் இரத்தம் தேங்கிக் கட்டியாகிப் பக்கவாதத்தில் கொண்டுவிடும் ஆபத்தும் அதில் உண்டு. ஆகவே மாதம் ஒருமுறையாவது மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் நாடியை எண்ணுங்கள். தாளம் தப்பித் தப்பி அடித்தால் அன்றே ஈசிஜி எடுங்கள், 'வாயுப் பிடிப்பு' என்று சொல்லிக்கொண்டு ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்காதீர்கள்.

கத்தரி வெயில் காலத்தில் எழுந்து நின்றவுடன் தலை சுற்றி விழுந்தவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். நீர் மாத்திரை சாப்பிடுபவர்கள் வயிற்றுப்போக்கு அல்லது வாந்தி வந்த நாளில், அளவு மாற்ற வேண்டுமா என்று மருத்துவரை அழைத்துக் கேளுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு விழுங்கவும் வேண்டாம். இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வையுங்கள், கீழறைச் சுவரை வயதுக்கு மீறித் தடிக்கச் செய்வது உயர் அழுத்தம்தான். கடலூர்க்காரர்களிடம் கருவாட்டைக் குறைக்கச் சொல்லிக் கெட்ட பெயர் வாங்கியவன் நான். இருந்தாலும் மறுபடி சொல்கிறேன், குறையுங்கள்.

படுத்தால் மூச்சு முட்டுவது, இரவில் திணறி எழுவது, கால் வீங்குவது, சில நாட்களில் இரண்டு கிலோ எடை கூடுவது, மயங்கி விழுவது ஆகியவற்றை மட்டும் தயவுசெய்து 'வயசாயிடுச்சு' என்ற கணக்கில் எழுதாதீர்கள். அந்தக் கணக்கில் எழுதிவிட்டு ஆறு மாதம் கழித்து வந்தவர்களும் எனக்கு உண்டு.

நடையைப் பொறுத்தவரை, அசையாத உடம்பில்தான் இதயம் விரைவாக விறைக்கிறது. உட்கார்ந்தே பழகிய நடுவயதினர் இரண்டு ஆண்டுகள் முறையாகப் பயிற்சி செய்தபோது கீழறையின் விறைப்பு குறைந்ததை, அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. எழுபதை நெருங்குபவருக்கு அதே அளவு பலன் கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். கட்டிலில் கிடப்பதால் எந்தப் பலனும் இல்லை என்பதற்கு மட்டும் கொடுப்பேன். தலைமை ஆசிரியரை எங்கள் கிளினிக் தாழ்வாரத்தில் ஆறு நிமிடம் நடக்கவிட்டுப் பார்த்தேன். மூச்சு வாங்கவில்லை, கால்தான் வலித்தது, எட்டு மாதம் நடக்காத கால். தெருமுனை வரை பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு ஐந்து நாள் அரை மணி நேரம் என்ற அளவுக்கு இரண்டு மாதத்தில் வரச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர் கேட்டுக்கொண்டபடி சிவப்பு மையில்.