பிள்ளைய விட்டுட்டு ஓடாதீங்க, சொல்லிட்டுக் குடுங்க

கூடலூர் பக்கம் பிரசவ வார்டுல நர்ஸா இருக்கேன். ஒரு நைட் டூட்டில எஸ்டேட் லயன்ல இருந்து வந்த பொண்ணு, பிரசவம் ஆனதும் செவுத்தப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டா, பால் குடுன்னா ஸ்வெட்டர் பட்டன இன்னும் இறுக்கிப் பிடிச்சுக்கறா. விடியக்காலைல மெதுவா கேட்டா, "அக்கா, இத இங்கயே விட்டுட்டுப் போனா போலீஸ் பிடிக்குமா?"

யார்ட்டயும் சொல்லாம எங்கயாவது விட்டுட்டுப் போனா கேஸ்தான், 7 வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு. அதவிட இந்தக் குளிரு. பச்சப் புள்ளைக்கு நம்மள மாதிரி நடுங்கி ஒடம்ப சூடாக்கிக்கத் தெரியாது, ஈரத் துணியோட தேயிலச் செடிக்குள்ள வச்சா ராத்திரி தாங்காது.

ஆனா சொல்லிட்டுக் குடுக்கறது குத்தமே இல்ல. 2015 சிறார் நீதிச் சட்டம் 35வது பிரிவுல வழி இருக்கு. டாக்டர்ட்டயோ எங்கள்ட்டயோ சொல்லுங்க, இல்ல குழந்தைகள் ஹெல்ப்லைன் 1098க்கு போன் பண்ணுங்க, காசு கிடையாது. குழந்தைகள் நலக்குழு ஏன் குடுக்கறீங்கன்னு விசாரிச்சு, கவுன்சலிங் குடுத்து, அப்புறம்தான் பத்திரத்துல கையெழுத்து வாங்குவாங்க. கையெழுத்து போட்டாலும் 2 மாசம் டைம் இருக்கு, மனசு மாறினா திரும்பக் கேக்கலாம், இது நெறைய பேருக்குத் தெரியவே தெரியாது. கல்யாணம் ஆனவங்கன்னா ரெண்டு பேரும் கையெழுத்து போடணும், ஆகலைன்னா அம்மா மட்டும் போதும், அதும் முடிஞ்சவரைக்கும் குழுவுல இருக்கற ஒரு லேடி மெம்பர் முன்னாடியே. பேர் வெளிய வராது.

வளக்க முடியாத புள்ளைய தொட்டில்ல விட்டுட்டுப் போகலாம்னு 1992ல சேலத்துல ஆரம்பிச்ச தொட்டில் குழந்தைத் திட்டத்த நெனச்சுட்டு "தொட்டில் எங்க இருக்கு"ன்னு கேக்கறாங்க. தொட்டில தேடி அலைய வேணாம், கட்டில்ல படுத்துட்டே எங்கள்ட்ட சொன்னாப் போதும்.

ஒண்ணு மறைக்காம சொல்லிடறேன், 18 வயசு ஆகலைன்னா நாங்க போலீசுக்குச் சொல்லியே ஆகணும், போக்சோ சட்டம். அதுக்குப் பயந்து வீட்லயே பிரசவம் பாக்காதீங்க, வைத்தியம் நிக்காது.

"புள்ள இல்லாத நல்ல குடும்பம், செலவுக்கும் பணம் தருவாங்க"ன்னு வர்ற ஆளுங்கள நம்பாதீங்க. அது விற்பனை, வாங்கறவங்களுக்கும் விக்கறவங்களுக்கும் 5 வருஷம் வரைக்கும் ஜெயில், 1 லட்சம் அபராதம் வேற.

அந்தப் பொண்ணோட குழுவப் பாக்க ஊட்டி வரைக்கும் நானும் போனேன், நடுவட்டம் மூடுபனில வண்டி ஊர்ந்துச்சு, வழியெல்லாம் ஒரு வார்த்த பேசல. கையெழுத்து போட்டுட்டு, "காலைல பால் குடுத்தாங்களா?"ன்னு மட்டும் கேட்டா. 2 மாசத்துல திரும்பி வரல. நானும் கூப்பிட்டுக் கேக்கல.