தலைக்கு 275 டாலர்: சியாட்டில் வரிச் சண்டையில் ஒரு சம்பளக் கணக்காளர் கண்டது

ஜனவரி மாதம் முழுக்க எங்கள் அலுவலகத்தில் அச்சு இயந்திரத்துக்கு ஓய்வே இருக்காது. எங்களிடம் சம்பளக் கணக்கை ஒப்படைத்திருக்கும் நிறுவனங்களின் ஊழியர்கள் எல்லோருக்கும் டபிள்யூ-2 படிவம், அதாவது ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் சீட்டு, போயாக வேண்டும். அவற்றில் சில உறைகள் பிப்ரவரியில் திரும்பி வரும். பெரும்பாலும் வீடு மாறியிருப்பார்கள், நாங்கள் அழைத்துப் புது முகவரி கேட்டுக்கொள்வோம்.

2018 பிப்ரவரியில் அப்படித் திரும்பி வந்த ஓர் உறை இன்னும் என் நினைவில் இருக்கிறது. அவர் ஒரு மளிகைக் கடைத் தொடரில் இரவு நேரத்தில் சரக்கு அடுக்கும் ஊழியர். முகவரி கேட்டேன். "கடைக்கே அனுப்பிவிடுங்கள், மேலாளரிடம் வாங்கிக்கொள்கிறேன். இப்போது காரில்தான் தங்குகிறேன்" என்றார். வெட்கமோ கோபமோ இல்லாமல், கடை மூடும் நேரத்தைச் சொல்வதுபோல் சொன்னார். தொலைபேசியை வைத்துவிட்டு அவருடைய பணி நேரத்தைத் திறந்து பார்த்தேன். வாரம் 40 மணி நேரம், மணிக்கு 15 டாலர் சொச்சம். ஒரு வாரம்கூடக் குறையவில்லை. அந்தச் சம்பளத்தில் சியாட்டிலில் தனியாக ஒரு சின்ன வீடு எடுத்தால், பாதிக்கு மேல் வாடகைக்கே போய்விடும். முன்பணத்துக்கு வேறு எங்கே போவது?

வீடற்றவர் என்றால் வேலைக்குப் போகாதவர், போதையில் கிடப்பவர் என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறோம். அப்படிப்பட்டவர்களும் உண்டு, அவர்களுக்கும் உதவி வேண்டும். ஆனால் என் பட்டியலில் இருந்தவர் நாள் தவறாமல் வேலைக்கு வந்தவர்.

அந்த ஆண்டு ஜனவரியில் ஒரே இரவில் எடுத்த கணக்கெடுப்பில் சியாட்டில் அடங்கிய கிங் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) முழுவதும் 12,112 பேர் வீடில்லாமல் இருந்தார்கள். அதில் பாதிக்கு மேல் தெருவிலும் கூடாரத்திலும் வண்டியிலும் தூங்கியவர்கள். இதற்கான அவசர நிலையை நகரமும் கவுண்டியும் 2015 நவம்பரிலேயே அறிவித்திருந்தன. பிரச்சினை பணம்தான்.

பணத்துக்கு நகர மன்றம் எங்கே போகும் என்று கேட்டால், வாஷிங்டன் மாநிலத்தில் வழிகள் குறைவு. இங்கே சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது. சியாட்டில் 2017-இல் 2.5 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதிப்பவர்களுக்கு வருமான வரி கொண்டுவந்தது, நீதிமன்றம் செல்லாது என்று சொல்லிவிட்டது. சொத்து வரி வசூலை வாக்காளர் ஒப்புதல் இல்லாமல் ஆண்டுக்கு 1 சதவீதத்துக்கு மேல் கூட்ட முடியாது. விற்பனை வரி ஏற்கெனவே 10 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. காரில் தூங்குபவர் சட்டை வாங்கினாலும் அதைத்தான் கட்டுகிறார். ஆக மிஞ்சியது பெரிய நிறுவனங்கள்.

அப்படித்தான் தலைவரி வந்தது. தலைவரி என்றதும் நமக்குத் திருவிதாங்கூரில் ஏழை எளியவர்களின் தலைக்குத் தலை வாங்கிய வரி நினைவுக்கு வரும். இது வேறு. இங்கே தலை தொழிலாளியுடையது, கட்ட வேண்டியவர் முதலாளி. ஆண்டு வருவாய் 2 கோடி டாலருக்கு மேல் உள்ள நிறுவனங்கள் ஒவ்வொரு முழுநேர ஊழியருக்கும் ஆண்டுக்கு 500 டாலர் கட்ட வேண்டும் என்பதுதான் முதல் திட்டம். இழுபறிக்குப் பின் 275 டாலராகக் குறைந்தது. மணிக் கணக்கில் பார்த்தால் சுமார் 14 சென்ட். 600-க்கும் குறைவான நிறுவனங்கள்தான் இதற்குள் வந்தன. ஆண்டுக்கு 4.7 கோடி டாலர் வரும் என்று கணக்கிட்டார்கள்.

இதற்கு நடுவே, மே மாதத் தொடக்கத்தில், நகர மையத்தில் கட்டவிருந்த ஒரு கோபுரத்தின் திட்டப் பணியை, வரி பற்றி மன்றம் முடிவெடுக்கும்வரை நிறுத்திவைப்பதாக அமேசான் அறிவித்தது. அப்போது சியாட்டிலில் அவர்களுக்கு 45,000 ஊழியர்கள். 275-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 1.2 கோடி டாலர் சொச்சம். கட்டடத் தொழிலாளர் சங்கத்தினரே எழுந்து நின்று வரி வேண்டாம் என்று முழங்கினார்கள். வரிக்காக முன்னணியில் நின்றவர்களில் ஒருவர், தமிழ்க் குடும்பத்தில் பிறந்து மும்பையில் வளர்ந்த மன்ற உறுப்பினர் க்ஷமா சாவந்த். மே 14 அன்று 9 உறுப்பினர்களும் ஒருமனதாக நிறைவேற்றினார்கள். எதிர்த் தரப்பு உடனே வாக்கெடுப்பு கேட்டுக் கையெழுத்து திரட்டத் தொடங்கியது. ஒரு மாதம் முடிவதற்குள், ஜூன் 12 அன்று, அதே மன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் வரியை ரத்து செய்தது. ரத்தை எதிர்த்த இருவர் சாவந்தும் தெரெசா மொஸ்கேடாவும்.

அந்தச் சில வாரங்களும் எனக்கு வாடிக்கையாளர்களிடமிருந்து அழைப்புக்கு மேல் அழைப்பு. காரில் தங்கியவர் வேலை பார்த்த அதே மளிகைக் கடைக்காரரும் அழைத்தார். "வீடில்லாதவர்களுக்குக் கொடுக்க எனக்கு மனசில்லாமல் இல்லை. ஆனால் ஆள் எடுக்க எடுக்க வரி ஏறினால் நான் என்ன செய்வேன்?" என்று கேட்டார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு மளிகைக் கடையில் 180 பேர், விற்பனை 4 கோடி டாலர். மளிகையில் லாபம் நூற்றுக்கு இரண்டு நின்றால் பெரிய விஷயம், அதாவது 8 லட்சம். ஒரு மென்பொருள் நிறுவனத்திலும் 180 பேர், விற்பனை 9 கோடி, லாபம் 1.8 கோடி என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் தலைவரி ஒன்றுதான்: 49,500 டாலர். மளிகைக்காரருக்கு அது லாபத்தில் 6 சதவீதத்துக்கு மேல். மென்பொருள் நிறுவனத்துக்குக் கால் சதவீதம் சொச்சம். இன்னும் ஒன்று. மணிக்கு 15 டாலர் வாங்கிக் காரில் தூங்குபவரும் ஒரு தலை, ஆண்டுக்கு 5 லட்சம் டாலர் வாங்கும் நிர்வாகியும் ஒரு தலை. வரி இருவருக்கும் அதே 275.

நான் அந்த வரியின் நோக்கத்தை ஆதரித்தேன், இப்போதும் ஆதரிக்கிறேன். ஆனால் அதன் அளவுகோல் தவறு. பெரிய நிறுவனத்துக்கு வரி போடலாமா என்று ஊரே சண்டை போட்டது. எதை எண்ணி வரி போடுவது என்ற கேள்வியை யாரும் அவ்வளவாகப் பேசவில்லை. சம்பளப் பட்டியலோடு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு, அங்கேதான் எல்லாமே இருக்கிறது.

இரண்டு ஆண்டு கழித்து, 2020 ஜூலையில், மொஸ்கேடா முன்னெடுத்த ஜம்ப்ஸ்டார்ட் வரி அந்தத் தவறைச் சரிசெய்தது. மொத்தச் சம்பளச் செலவு ஆண்டுக்கு 70 லட்சம் டாலருக்குக் குறைவாக உள்ள நிறுவனம் இதற்குள் வரவே வராது. உள்ளே வரும் நிறுவனங்களிலும் 1.5 லட்சம் டாலருக்குக் குறைவாக வாங்கும் ஊழியரின் சம்பளத்துக்கு வரி இல்லை. அதற்கு மேல் வரி விகிதம் 2020 சட்டத்தில் 0.7-இல் தொடங்கி 2.4 சதவீதம் வரை, நிறுவனத்தின் அளவையும் சம்பளத்தின் உயரத்தையும் பொறுத்து ஏறியது. (வரம்புகள் பின்னர் விலைவாசியோடு சேர்ந்து உயர்ந்துவிட்டன, விகிதங்களும் சற்று கூடின.) மளிகைத் தொழிலுக்கு விலக்கு. மறுபடியும் 7-க்கு 2, இம்முறை வரிக்கு ஆதரவாக. வணிகர் கூட்டமைப்பு வழக்குப் போட்டது, நீதிமன்றங்கள் வரி செல்லும் என்றன. ஆண்டுக்கு 21.4 கோடி டாலர் எதிர்பார்த்தார்கள். முதல் ஆண்டிலேயே அதைத் தாண்டியது.

இந்த இடத்தில் என்னிடம் அடிக்கடி வரும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். "என் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்களா?" மாட்டார்கள். இது நிறுவனம் கட்டும் வரி, ஊழியரின் சம்பளத்திலிருந்து கழிக்கச் சட்டத்தில் இடமில்லை. உங்கள் சம்பளச் சீட்டில் அந்தப் பெயரில் ஒரு பிடித்தம் இருந்தால் உடனே கேளுங்கள்.

வேலை ஓடிவிடும் என்ற பயத்தையும் நான் ஒதுக்கிவிட மாட்டேன். ஏரிக்கு அந்தப் பக்கம் உள்ள பெல்வியூ நகரில் இப்படியொரு வரி இல்லை. அமேசான் 2019 முதல் அங்கே பெரிய அளவில் வளர்ந்திருக்கிறது. அது முழுக்க வரியால்தானா என்றால் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் வரி ஒரு காரணமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அப்புறம், ஜம்ப்ஸ்டார்ட் பணத்தில் பெரும்பகுதி விரல் விட்டு எண்ணக்கூடிய சில நிறுவனங்களிடமிருந்து வருகிறது. ஊழியருக்குக் கொடுக்கும் பங்குகளும் ஊதியத்தில் சேரும் என்பதால் பங்குச் சந்தை இறங்கினால் வசூலும் இறங்கும்.

சான் பிரான்சிஸ்கோ வேறு வழியில் போனது. 2018 நவம்பரில், வீடற்றவர்களுக்காக வாக்காளர்களிடம் வைத்த 'சி முன்மொழிவு' என்ற வரித் திட்டத்துக்கு 60 சதவீதத்துக்கு மேல் வாக்குக் கிடைத்தது. 5 கோடி டாலருக்கு மேல் உள்ள மொத்த வருவாய்க்கு வரி. சேல்ஸ்ஃபோர்ஸ் மென்பொருள் நிறுவனத்தின் தலைவர் மார்க் பெனியாஃப் ஆதரித்தார். அப்போதைய மேயர் லண்டன் பிரீட் எதிர்த்தார். வாக்களித்தும் பயனில்லாமல் வழக்கில் சிக்கி 2020 வரை அந்தப் பணத்தைத் தொட முடியவில்லை. ஆனாலும் அதில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு: குறைந்தது பாதிப் பணம் நிரந்தர வீட்டுக்கு, கால் பங்கு மனநலச் சேவைக்கு என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்.

சியாட்டிலிலும் அப்படி ஒரு பங்கீடு இருந்தது. ஜம்ப்ஸ்டார்ட் வசூலில் 62 சதவீதம் கட்டுப்படியாகும் வாடகை வீடுகளுக்கு என்று திட்டம் போட்டார்கள். கோவிடுக்குப் பிறகு நகர பட்ஜெட்டில் ஓட்டை விழுந்தபோது ஒவ்வோர் ஆண்டும் இதிலிருந்து எடுத்து அடைத்தார்கள். 2024 இறுதியில் அந்தப் பங்கீட்டுக் கட்டுப்பாட்டையே மன்றம் தளர்த்திவிட்டது. வரி வந்தபோது நடந்த சண்டையில் நூற்றில் ஒரு பங்குகூட அன்று நடக்கவில்லை. எனக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது. வீட்டுக்கென்று சொல்லி வாங்கிய பணம் வீட்டுக்குப் போக வேண்டாமா?

இதில் நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. மேயர் செப்டம்பர் இறுதியில் பட்ஜெட்டை முன்வைப்பார், மன்றம் நவம்பரில் வாக்களிக்கும். நடுவில் பொதுமக்கள் கருத்துச் சொல்ல நாள் ஒதுக்குவார்கள். பேசக் குடியுரிமை தேவையில்லை. எச்-1பி விசாவில் இருந்தாலும் பெயர் கொடுத்துப் பேசலாம், தொலைபேசியிலும் பேசலாம். கிடைப்பது ஓரிரு நிமிடம்தான், அதனால் எழுதி வைத்துக்கொண்டு போங்கள். நான் முதல் முறை போனபோது புள்ளிவிவரம் எதையும் எடுத்துப் போகவில்லை. முகவரி இல்லாமல் திரும்பி வந்த அந்த உறையைப் பற்றியும், அவர் வாரம் 40 மணி நேரம் வேலை பார்த்ததைப் பற்றியும் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டார்கள்.