பெல்டிஜெராவின் கரும்புள்ளிக்குப் பெயர் வைக்கும் முன்

"பெல்டிஜெரா ஆஃப்தோசா மீது ஒட்டுண்ணிப் பூஞ்சை, கருநிறம், ஏராளம்." பெயரைச் சரிபார்க்கச் சொல்லி, இப்படிச் சீட்டு எழுதிய பொட்டலம் மறுபடியும் ஒன்று வந்திருக்கிறது. பெல்டிஜெரா ஒரு லைக்கன், அதாவது பூஞ்சையும் பாசியும் ஓருடலாகக் கூடி வாழும் உயிர். பிரித்தால் அதே கதைதான். நனைத்ததும் பளிச்சென்று பச்சையாகும் இலை போன்ற தாலஸ் (லைக்கனின் உடல்), அதன் மேல் மிளகைத் தட்டித் தூவியதுபோலக் கரும்பருக்கள். அவை பூஞ்சையும் இல்லை, ஒட்டுண்ணியும் இல்லை. செஃபலோடியம் எனப்படும், அந்த லைக்கனின் சொந்த உறுப்பு. உள்ளே நாஸ்டாக் என்ற நீலப்பசும் பாசி குடியிருந்து காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிறது. லின்னேயஸ் 1753இல் விவரித்த இனம் இது. ஆஃப்தோசா என்ற பெயரே வாய்ப்புண்ணைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அன்றைக்கே இருந்த புள்ளியைத்தான் இன்றைக்குப் புதிய நோயாகக் கண்டுபிடிக்கிறோம்.

இதைச் சரிபார்க்க இரண்டு நிமிடம் போதும். ஒரு பருவை ஊசிமுனையால் கிளப்பி, ஸ்லைடில் ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து, கவர் ஸ்லிப்பால் மூடி, பென்சில் முனையால் மெல்ல அழுத்துங்கள். 400 மடங்கில் நீலப்பசும் மணிமாலைகள் பிதுங்கி வந்தால் விஷயம் முடிந்தது. பொட்டலம் கட்டுவதற்கு ஆகும் நேரம்கூட இதற்கு ஆகாது.

லைக்கன் மேல் வாழும் பூஞ்சைகள் சாதாரணக் கூட்டம் இல்லை. 2018இல் வெளிவந்த உலகப் பட்டியல், லைக்கனை விட்டால் வேறு கதியில்லாத இனங்கள் மட்டுமே 2000 என்று கணக்குச் சொன்னது. கிரீன்லாந்து, ஸ்வால்பார்ட், ஸ்காண்டிநேவிய மலைகள், கோலா தீபகற்பம், தைமிர், அலாஸ்கா என்று லைக்கன் தரையை மூடிக் கிடக்கும் வடபுலம் இவற்றுக்குத் தாய்வீடு மாதிரி. கவனத்தில் வைக்க வேண்டியது ஒன்று: 'லைக்கன்மேல் வாழ்வது' என்பது ஒரு வாழ்முறையின் பெயர், வம்சத்தின் பெயர் இல்லை. பெரும்பாலானவை ஆஸ்கோமைசீட்டுகள் (ஸ்போர் எனும் நுண்வித்தைப் பைக்குள் உருவாக்குபவை), கொஞ்சம் பசீடியோமைசீட்டுகள் (காளான்கள் அடங்கிய பெருங்குழு). அவையும் ஒன்றுக்கொன்று ஒட்டுறவில்லாத பல வரிசைகளில் சிதறிக் கிடக்கின்றன. ஆகவே "லைக்கன் பூஞ்சை" என்று சீட்டில் எழுதினால், வகைப்பாட்டில் நீங்கள் எதையுமே சொல்லவில்லை.

இப்போது முக்கியமான குறைக்கு வருகிறேன். பலர் செய்வது இதுதான்: புள்ளி தெரிகிறது, ஓம்புயிரின் (பூஞ்சை குடியேறிய லைக்கனின்) பெயர் தெரிகிறது, உடனே பட்டியலைத் திறந்து "இந்த ஓம்புயிரில் கருப்பாக வருவது எது" என்று தேடி, முதலில் கிடைத்த பெயரைச் சூட்டிவிடுவது. ஓம்புயிர் பெயர் தேவைதான், அது இல்லாமல் எந்தத் திறவுகோலும் (பண்புகளை வைத்துப் பெயர் காணும் அட்டவணை) நகராது. ஆனால் அது வீதியின் பெயர், வீட்டு எண் இல்லை. பெல்டிஜெராவையே எடுத்துக்கொள்ளுங்கள். இளஞ்சிவப்புத் துகள்களாக இல்லோஸ்போரியம் கார்னியம் வரும். தோலைக் கிழித்துக்கொண்டு செம்பழுப்புத் தட்டுகளாகக் கார்ட்டிசிஃப்ராகா பெல்டிஜெரே வரும். பிளெக்டோகார்ப்பான் பெல்டிஜெரே வரும், நெக்ட்ரியாப்சிஸ் லெகனோடஸ் வரும், ஸ்கூட்டுலா வரும். ஒரே தாலஸில் மூன்று இருப்பதும் அபூர்வம் இல்லை. இத்தனை பேர் குடியிருக்கும் வீதியில் முதல் கதவைத் தட்டிவிட்டு "இவர்தான் அவர்" என்றால் எப்படி?

மறுபக்கமும் உண்டு. சில பூஞ்சைகள் ஒரே ஓம்புயிரைப் பற்றிக்கொண்டு வாழும். சாந்தோரியா பரியட்டினாவின் மஞ்சள் தட்டுகளைக் கரியாக்கும் சாந்தோரிகோலா ஃபிசியே அப்படி. லைக்கனோகோனியம் இரோடென்ஸ் அப்படியில்லை. அது ஹைப்போஜிம்னியாவிலும் ஏறும், கிளடோனியாவிலும் ஏறும், இன்னும் பலவற்றிலும் ஏறும். எது எப்படி என்பதை ஓம்புயிர்ப் பெயர் சொல்லாது. உள்ளே இருக்கும் ஸ்போர்தான் சொல்லும். அதனால் பட்டியலை மூடிவிட்டுப் பிளேடை எடுங்கள்.

பிளேடு எடுத்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இது என்ன இனம்" என்பது இல்லை. "இது லைக்கனுடையதா, வேறொருவருடையதா" என்பதுதான். செஃபலோடியத்தைச் சொல்லிவிட்டேன். ஸ்டீரியோகாலானிலும் நெஃப்ரோமா ஆர்க்டிக்கத்திலும் அதே ஏமாற்று உண்டு. அடுத்தது பிக்னிடியம், அதாவது கொனிடியா எனப்படும் பாலிலா வித்துகள் உருவாகும் நுண்குடுவை. ஹைப்போஜிம்னியா ஃபைசோடஸின் மடல்களில் தெரியும் நுண்ணிய கரும்புள்ளிகள், செட்ராரியா ஐலாண்டிக்காவின் ஓர முட்கள், கிளடோனியாவின் கிளைநுனியில் உள்ள பழுப்பு முனைகள் எல்லாம் பெரும்பாலும் லைக்கனின் சொந்தப் பிக்னிடியங்கள். இங்கே ஒரு கைவிதி பெரிதும் உதவும். லைக்கன்களின் சொந்தக் கொனிடியா அநேகமாக எப்போதும் நிறமற்றவை. குச்சியாகவோ அரிவாளாகவோ இருக்கும். நசுக்கிய புள்ளியிலிருந்து பழுப்பு நிறக் கொனிடியா கொட்டினால் அங்கே வேறொருவர் குடியிருக்கிறார். லைக்கனோகோனியத்தின் கொனிடியா கிட்டத்தட்ட உருண்டை, பழுப்பு, நுண்ணிய சொரசொரப்பு, அடிப்பக்கம் வெட்டிவிட்டாற்போலத் தட்டை. ஒரு முறை பார்த்தால் மறக்காது. நிறமற்றவை வந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள். நிறமற்ற கொனிடியா உள்ள லைக்கன்வாழ் பூஞ்சைகளும் உண்டு.

ஸ்போர் உருவாகும் உறுப்பான கனியுடல் தட்டு வடிவில் இருந்தாலும் இதே சோதனைதான். காண்டலேரியெல்லா விட்டெல்லினாவின் மஞ்சள் தாலஸில் கரிய தட்டுகள் தெரிந்தால் ஒன்றை நெடுக்காக வெட்டிப் பாருங்கள். காண்டலேரியெல்லாவின் சொந்த ஆஸ்கஸ் (ஸ்போர்ப் பை) ஒவ்வொன்றிலும் எட்டுக்கு மேல், பெரும்பாலும் 16 முதல் 32 வரை ஸ்போர்கள் நெருக்கியடித்து நிற்கும். கரிய தட்டில் ஆஸ்கஸுக்கு எட்டு, ஒற்றை அறை, நிறமற்ற ஸ்போர்கள் என்றால் கார்போனியா விட்டெல்லினேரியா நினைவுக்கு வரட்டும். இதைவிட நுட்பமானது லெகனோரா ருப்பிகோலாவின் வெண்பொடி படிந்த கனியுடல் கருத்துப்போவது. வெட்டினால் லெகனோராவின் ஒற்றை அறை ஸ்போர் கீழே, மேலே மூன்று தடுப்புச்சுவர் கொண்ட ஸ்போர்! ஒரே வெட்டில் இரண்டு வகை ஸ்போர் தெரிந்தால் இரண்டு பூஞ்சை இருக்கிறது என்று பொருள். இங்கே இரண்டாவது ஆர்தோனியா வேரியன்ஸ்.

வெட்டும் முறை எளிது, பொறுமைதான் கிடைப்பதில்லை. கனியுடலைத் தண்ணீரால் நனைத்து, ஸ்டீரியோ நுண்ணோக்கியின் கீழ் 40 மடங்கில், புதுச் சவர பிளேடால் சுமார் 20 மைக்ரோமீட்டர் தடிமனுக்குச் சீவுங்கள். பழைய பிளேடு சீவாது, பிய்க்கும். முதல் பார்வை வெறும் தண்ணீரில்தான். நிறமும் அளவும் அங்கேதான் நேர்மையாக இருக்கும். பிறகு கவர் ஸ்லிப்பின் ஒரு விளிம்பில் 10 விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு, எதிர்விளிம்பில் வடிதாளை வைத்து இழுங்கள். கனியுடலுக்குள் இருக்கும் பசை இளகி ஆஸ்கஸ்களுக்கு இடையிலுள்ள இழைகள் தெளியும்.

அந்த இழைகளை அலட்சியம் செய்பவர்கள்தான் எண்டோகாக்கஸையும் பாலிகாக்கத்தையும் குழப்புகிறார்கள். இரண்டும் கரிய பெரிதீசியம் (குடுவை வடிவக் கனியுடல்), இரண்டும் ஒரு தடுப்புச்சுவர் கொண்ட பழுப்பு ஸ்போர். பாலிகாக்கத்தில் ஆஸ்கஸ்களுக்கு இடையே இழை நிற்கும், எண்டோகாக்கஸில் நிற்காது. ஆஸ்கஸுக்கு எட்டு இல்லாமல் கும்பலாக ஸ்போர் இருந்தால் மியூலரெல்லாவைப் பாருங்கள். ஸ்போர் நிறமற்று இருந்தால் ஸ்டிக்மிடியம் என்பார்கள். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. எண்டோகாக்கஸின் இளம் ஸ்போரும் நிறமற்றதுதான், ஸ்டிக்மிடியத்தின் கிழட்டு ஸ்போர் பழுப்படையும். ஒரே ஒரு கனியுடலை வெட்டிவிட்டு முடிவுக்கு வருபவர் இரண்டு பக்கமும் சறுக்குவார். புறத்தோலில் கரிய ஹைஃபா (பூஞ்சை இழை) வலைபோல ஓடினால் ஸ்டிக்மிடியத்தை விட்டு ஸ்ஃபேரெல்லோதீசியத்துக்குப் போங்கள். தாம்னோலியாவின் வெள்ளைப் புழு போன்ற தண்டுகளில் அந்த வலையைப் பார்க்கலாம். அதே தாம்னோலியாவில் முடிச்சாகப் புடைத்திருந்தால் அது தாம்னோகல்லா குரோம்பியை. இரண்டும் வேறு வேறு.

அயோடின் சோதனையில் நடக்கும் கூத்து தனி. பல ஆர்தோனியாக்களில் நேரே அயோடின் விட்டால் பசை சிவக்கும். முதலில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கொடுத்துக் கழுவிய பிறகு விட்டால் நீலமாகும். "கழுவிய" என்ற சொல்லைக் கவனியுங்கள். காரம் மிச்சமிருந்தால் அது அயோடினின் நிறத்தையே தின்றுவிடும், நீங்களோ "எதிர்வினை இல்லை" என்று எழுதுவீர்கள். தண்ணீரை இரண்டு மூன்று முறை இழுத்துவிட்டு, அயோடின் வெட்டின் மேல் மஞ்சளாகவே நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் தீர்ப்பு. மெல்சர் என்ற அயோடின் கரைசலை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கும் ஒரு சொல்: சிவக்க வேண்டியதை அது மறைத்துவிடும். லூகால் என்ற இன்னோர் அயோடின் கரைசலும் கைவசம் இருக்கட்டும்.

அளவு. கண்லென்ஸ் அளவுகோலை ஒவ்வொரு பொருள்லென்ஸுக்கும் தனித்தனியாகச் சரிபார்த்தீர்களா? மூன்று மைக்ரோமீட்டர் கொனிடியத்தில் ஒரு மைக்ரோமீட்டர் பிழை என்றால் மூன்றில் ஒரு பங்கு பிழை. அது சிற்றினத்தையே மாற்றிவிடும். எண்ணெய் லென்ஸில், ஆஸ்கஸை விட்டு வெளியே வந்த முதிர்ந்த ஸ்போர்கள் 20ஐயாவது, தண்ணீரில் அளந்து எழுதுங்கள். வேறு ஊடகத்தில் அளந்தால் அதையும் எழுதுங்கள்.

"இதெல்லாம் எதற்கு, டிஎன்ஏ பார்த்துவிடலாமே" என்பவர்கள் பெருகிவிட்டார்கள். தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் தொற்றுள்ள துண்டை அப்படியே அரைத்து, எல்லாப் பூஞ்சைக்கும் பொதுவான பிரைமரை (டிஎன்ஏவைப் பெருக்கத் தொடங்கிவைக்கும் சிறு துண்டு) போட்டால் முதலில் ஓங்கி ஒலிப்பது பெரும்பாலும் ஓம்புயிர்ப் பூஞ்சையின் டிஎன்ஏ வரிசைதான். சில கனியுடல்களை மட்டும் ஊசியால் பிரித்தெடுத்து, அதே பொட்டலத்தின் இன்னொரு கனியுடலை நுண்ணோக்கியில் பார்த்து வைத்திருந்தால்தான் வரிசைக்கும் பெயருக்கும் உறவு இருக்கும். மறுபுறம், டிஎன்ஏவின் புண்ணியத்தில் பெயர்கள் மாறியிருப்பதும் உண்மை. ஆக்ரோலெக்கியாவிலும் பெர்டுசேரியாவிலும் வடக்கே அடிக்கடி எதிர்ப்படும் ஃபேயோஸ்போரோபோலஸ் அல்பைனஸைப் பழைய திறவுகோல்களில் தேடினால் கிடைக்கும். இன்று அது லைக்கனோஸ்டிக்மா அல்பைனம். உஸ்னியாவில் முடிச்சு போடுவதெல்லாம் பயட்டரோப்சிஸ் உஸ்னியாரம் என்று எழுதிவந்தோம். 2016இல் அது பல இனங்களாகப் பிரிந்தது. பழைய புத்தகத்தில் பெயர் பிடித்தால் இன்றைய நிலையையும் ஒருமுறை சரிபாருங்கள்.

இன்னொன்று, கெஞ்சியே கேட்கிறேன்: பூஞ்சையைச் சுரண்டி எறிந்து லைக்கனைக் "காப்பாற்ற" வேண்டாம். லைக்கனோகோனியம் இரோடென்ஸ் போலத் தாலஸை வெளுக்க வைத்துக் கொல்பவை உண்டு. ஆனால் மிகப் பல பூஞ்சைகள் ஓம்புயிருக்குப் பெரிதாகத் தீங்கு செய்யாமலே காலம் தள்ளுபவை. நத்தை மேய்ந்த தழும்பு, வெயிலில் வெளுத்த திட்டு, பறவை எச்சம், பூச்சி எச்சத்தின் கரிய உருண்டைகள் என்று "நோய்" வேடம் போடுபவையும் ஏராளம்.

சேகரிப்பில் கவனிக்க வேண்டியவை சில. 10 மடங்கு கைலென்ஸ் போதாது, 20 மடங்கு வாங்குங்கள். டிரெமெல்லா போன்ற கூழ் உடல்கள் காய்ந்தால் சுருங்கி மறைந்துவிடும், எனவே மழை ஓய்ந்த பிறகு பாருங்கள். தொற்றுள்ள பகுதியோடு நலமான தாலஸையும் கொஞ்சம் எடுங்கள். இல்லாவிட்டால் ஓம்புயிரையே இனங்காண முடியாது. பிளாஸ்டிக் பையில் போட்டீர்களா? இரண்டு நாளில் அதில் வளர்ந்திருக்கும் பூசணத்தைத்தான் அனுப்பி வைப்பீர்கள். காகித உறையில் போட்டு, அன்றே காற்றில் உலர்த்தி, நன்றாகக் காய்ந்த பிறகு பூச்சிக்காக ஒரு வாரம் மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். ஈரத்தோடு உறைய வைக்காதீர்கள். பாதுகாக்கப்பட்ட பகுதியென்றால் அனுமதி இல்லாமல் கை வைக்காதீர்கள். கண்ணுக்கெட்டிய வரை ஒரே ஒரு தாலஸ்தான் இருக்கிறதென்றால் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

சீட்டில் ஓம்புயிர், அது வளரும் பரப்பு, இடக்குறியீடு, உயரம், தேதி இருக்கட்டும். தொற்றுள்ள புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு காகித அம்பை ஒட்டுங்கள். 0.2 மில்லிமீட்டர் பெரிதீசியத்தைத் தேடி அடுத்தவர் அரைநாள் அலைய வேண்டியதில்லை. கனியுடல்களை எல்லாம் வெட்டித் தீர்த்துவிடாதீர்கள். நல்ல வெட்டு கிடைத்தால் லாக்டோபீனால் காட்டன் புளூவில் வைத்து, விளிம்பை நகப்பூச்சால் அடைத்து, அந்த ஸ்லைடையும் அதே உறையில் போடுங்கள். பீனால் தோலைச் சுடும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். முதிர்ந்த ஸ்போர் கிடைக்கவில்லையென்றால் "ஸ்டிக்மிடியம் அல்லது எண்டோகாக்கஸ், ஸ்போர் முதிரவில்லை" என்று எழுதி அனுப்புங்கள். தவறான முழுப்பெயர் எழுதிய பத்துப் பொட்டலங்களைவிட அப்படிப்பட்ட ஒன்று பிரிப்பவருக்கு அதிகம் உதவும்.