சிஸ்டத்தில் பச்சை, சுவரில் ஆடும் கைப்பிடி

முதியோர் இல்லத்தில் ஒருவர் விழுந்தார் என்ற செய்தி இந்த வருடத்தில் எனக்கு இது மூன்றாவது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், பழைய ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களை ஒட்டிய ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கும் முதியோர் இல்லம் அது. இருபத்திரண்டு பேர் இருக்கிறார்கள், பாதிக்கு மேல் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர்கள். அவர்களில் ஒரு பாட்டி விடியற்காலையில் கழிவறையில் எழுந்து நிற்பதற்காகச் சுவர்க் கைப்பிடியைப் பிடித்திருக்கிறார். "கைய வெச்சேன், கையோட வந்திருச்சு தம்பி" என்றார், ஈப்போவில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி. இடுப்பெலும்பு முறிவு.

இல்லத்தை நடத்தும் அக்கா அக்கறையில்லாதவர் இல்லை. பராமரிப்புக்கென்று மாதச் சந்தா கட்டி ஒரு கம்ப்யூட்டர் சிஸ்டம் வாங்கி, ஆயாக்கள் கையில் ஒரு டேப்லெட்டும் கொடுத்திருக்கிறார். என்னைக் கூப்பிட்டபோது குரல் உடைந்துபோயிருந்தது. "அண்ணே, சிஸ்டம்ல எல்லாம் பச்சையாத்தானே இருக்கு?"

ஆமாம், எல்லாம் பச்சைதான். முடிந்த வேலைக்குப் பச்சை, முடியாததற்குச் சிவப்பு. அந்தக் கைப்பிடி ஆடுகிறது என்று நான்கு மாதத்தில் மூன்று முறை புகார் பதிவாகியிருந்தது. மூன்றுமே மறுநாளே 'முடிந்தது' என்று மூடப்பட்டிருந்தன. முதல் புகாரில் இடத்தின் பெயர் 'பாத்ரூம் 2'. இரண்டாவதில் 'பெண்கள் டாய்லெட்'. மூன்றாவதில் 'பின்பக்க பாத்ரூம்'. மூன்றும் ஒரே கைப்பிடி. சிஸ்டத்துக்கு அது எப்படித் தெரியும்? அதன் கணக்கில் மூன்று வெவ்வேறு இடங்களில் மூன்று சின்ன வேலைகள் நடந்தன, ஒவ்வொன்றும் ஒரே நாளில் முடிந்தது. மாத இறுதி அறிக்கையில் இது நல்ல செய்தியாகத்தான் வரும்.

ரிப்பேர் செய்தவர் என்ன செய்தார் என்று சுவரைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் அதே துளையில் கொஞ்சம் பெரிய ஸ்குரூ. செங்கல் உள்ளே நொறுங்கிப் பொடியான பிறகு ஸ்குரூவைப் பெரிதாக்கிப் பயனில்லை. இடத்தை மாற்றித் துளையிட வேண்டும், அல்லது சுவரின் மறுபக்கம் இரும்புத் தகடு வைத்து போல்ட்டை ஊடுருவ விட வேண்டும். அதே கைப்பிடிதான் மறுபடியும் ஆடுகிறது என்று யாராவது ஒருவருக்குத் தெரிந்திருந்தால், இரண்டாவது முறையே இதைச் செய்திருப்பார்கள்.

1997-இல் அரசு மருத்துவமனைகளின் துணைச் சேவைகள் தனியார் நிறுவனங்களுக்குக் கொடுக்கப்பட்ட காலத்தில் ஜூனியர் டெக்னீஷனாக இந்த வேலைக்கு வந்தவன் நான். பொறியியல் பராமரிப்பு, மருத்துவக் கருவிப் பராமரிப்பு, துப்புரவு, துணி சலவை, மருத்துவக் கழிவு என்று ஐந்து சேவைகள். ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வேர்க் ஆர்டர், எல்லாம் கம்ப்யூட்டரில். அப்போதிருந்து இன்றுவரை நான் கேட்டுக் கேட்டுக் காது புளித்த பேச்சு ஒன்று உண்டு. "சிஸ்டம் இருக்கு, அது பாத்துக்கும்."

அது பார்க்காது. அதற்குக் கண் கிடையாது. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது, ஏனென்றால் விழுந்தவர்களை நான் பார்த்துவிட்டேன்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பெயர் போடுவார். பெயர் விழுந்தால் ஆள் வேலைக்கு வந்தாயிற்று, அவ்வளவுதான். மரத்தை ஒழுங்காக வெட்டினாரா, பட்டையைக் காயப்படுத்தினாரா, கடைசி நிரை (மர வரிசை) வரைக்கும் போனாரா என்பதெல்லாம் செக்ரோலில் தெரியாது. அதற்குத்தான் மேற்பார்வை பார்க்கும் கங்காணி நிரைக்குள் நடந்து போய் மரம் மரமாகப் பார்ப்பார். பால் ஸ்டோரில் தனியாக எடை போடுவார்கள். நீங்கள் மாதாமாதம் காசு கட்டி வாங்கியிருக்கும் சிஸ்டம் ஒரு செக்ரோல். நல்ல செக்ரோல், தொலைந்துபோகாத செக்ரோல். ஆனால் அது வந்ததும் கங்காணியை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறீர்களே, அதுதான் என்னால் பொறுக்க முடியவில்லை.

டேப்லெட்டில் ஒருவர் 'முடிந்தது' என்ற பொத்தானை அழுத்தினால், ஒருவர் பொத்தானை அழுத்தினார் என்பது மட்டும்தான் பதிவாகிறது. வேலை நடந்ததா என்பது தனிக் கேள்வி. அதே இல்லத்தின் பதிவுகளை நேரவாரியாகப் புரட்டினேன். மாதக் கடைசி நாள் இரவு பதினொன்றரைக்கு மேல், நான்கே நிமிடத்தில் முப்பதுக்கும் அதிகமான வேலைகள் முடிந்திருந்தன. குழாய், மின்விசிறி, சக்கர நாற்காலி பிரேக், கூரை வாய்க்கால், தண்ணீர்த் தொட்டி, எல்லாமே. அந்த ஆயாவை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ராத்திரி இரண்டு பேர் சேர்ந்து இருபத்திரண்டு பேரைக் கவனிக்கிறார்கள். சிவப்பு தெரிந்தால் காலையில் திட்டு விழும் என்று அவருக்குத் தெரியும்.

சிவப்பைக் கண்டு திட்டுகிற இடத்தில் எல்லாம் பச்சையாகத்தான் இருக்கும். பழுதைச் சொன்னவரிடம் "நீ என்னம்மா பண்ணுன?" என்று கேட்டால், அடுத்த பழுதை அவர் சொல்லவே மாட்டார். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். புகாரே வராத மாதம் நல்ல மாதம் என்று நினைக்காதீர்கள். இருபது கிழவர்கள் புழங்குகிற கட்டடத்தில் ஒரு மாதம் முழுக்க ஒன்றுமே பழுதாகவில்லை என்றால், யாரோ வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்புறம் அந்தச் சிஸ்டத்தில் இருக்கும் வேலை அட்டவணை. விற்றவர்கள் எங்கேயோ ஒரு குளிர்நாட்டு முதியோர் இல்லத்துக்குத் தயாரித்த பட்டியலை அப்படியே ஏற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அறையைச் சூடாக்கும் பாய்லரைப் பார்க்கச் சொல்லி ஒரு வரி இருக்கிறது. தேங்கிய தண்ணீரைப் பார்ப்பது 'மாதம் ஒரு முறை' என்று இருக்கிறது. நம் ஊரில் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். மாதம் ஒரு முறை பார்த்தால் அதற்குள் கூட்டம் கூட்டமாகப் பறந்துவிடும். பூந்தொட்டித் தட்டு, வாளி, ஐஸ்பெட்டியின் (ஃபிரிட்ஜின்) பின்தட்டு, ரப்பர் இலை அடைத்த கூரை வாய்க்கால், இவை எல்லாம் வாரம் ஒரு முறை. இதில் பேரம் கிடையாது. சுகாதார அதிகாரி வந்து ஜென்டிக்கைக் (கொசுப் புழுவைக்) கண்டால் 1975-ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி அபராதம் போடுவார். அபராதம் கூடப் பரவாயில்லை, எண்பது வயது உடம்பில் டெங்கி என்றால் யோசித்துப் பாருங்கள்.

துப்புரவு நேரமும் இப்படித்தான். அந்த அட்டவணையில் கழிவறையைக் கழுவும் நேரம் காலை ஐந்து மணி. இரவு வேலை ஆட்கள் கிளம்புமுன் முடித்துவிட வேண்டும், முதியவர்கள் ஏழு மணிக்கு எழுவதற்குள் தரை காய்ந்துவிடும் என்ற கணக்கு. யார் ஏழு மணிக்கு எழுவது? வாழ்நாளெல்லாம் நாலு மணிக்கு எழுந்து, சோறு கட்டி, பெரட்டுக்கு ஓடிய பெண்கள் அவர்கள். எழுபத்தெட்டு வயதிலும் நாலரைக்குக் கண் திறந்துவிடும். ஐந்து மணிக்கு ஈரத்தரையில் கால் வைக்கிறார்கள். சிஸ்டத்தில் துப்புரவு தினமும் சரியான நேரத்துக்கு நடந்திருக்கிறது. அந்தப் பாட்டி விழுந்த அன்றும் தரை கழுவி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கைப்பிடி மட்டும் நின்றிருந்தால் ஈரம் அவரை வீழ்த்தியிருக்காது, தரை காய்ந்திருந்தால் ஒருவேளை கைப்பிடிக்கு அவ்வளவு பாரம் போயிருக்காது. மதியம் குளிக்கவைத்து முடித்த பிறகு கழுவுங்கள். காலையில் உலர்ந்த மாப் போதும். அட்டவணையை மாற்ற இரண்டு நிமிடம் ஆகாது.

துப்புரவு என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. கழிவறை கழுவும் ஆசிட்டையும் குளோராக்ஸ் ப்ளீச்சையும் ஒரே அலமாரியில், ஒரே வரியில் 'கழிவறை மருந்து' என்று பதிந்து வைத்திருக்கிறார்கள் பல இடங்களில். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். தனித்தனிப் பெயர், தனித்தனி அலமாரி, டேப்லெட்டில் தனித்தனிப் படம். உடனே மாற்றுங்கள்.

தேதி பார்த்து வராத வேலைகளும் உண்டு. நம் பக்கம் மத்தியானம் இடி இடித்தால் இஎல்சிபி, அதாவது மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச், விழும். யாராவது போய்த் தூக்கிவிடுவார்கள், விளக்கு வந்துவிடும், எல்லோரும் திரும்பிப் போய்விடுவார்கள். படுத்த படுக்கையாக இருப்பவரின் காற்று மெத்தைக்கு ஒரு பம்ப் இருக்கிறதே, சில மாடல்களில் அதன் பொத்தானை மறுபடியும் அழுத்தினால்தான் ஓடும். மெத்தை மெதுவாக இறங்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் போடுகிற இல்லம் என்றால் தப்பித்தோம், இல்லையென்றால் காலையில் முதுகில் சிவப்புத் தடம், படுக்கைப் புண்ணின் ஆரம்பம். அதனால் சிஸ்டத்தில் 'மின்சாரம் போய் வந்த பிறகு' என்று ஒரு வேலையைச் சேர்க்கச் சொல்கிறேன். காற்று மெத்தை, ஆக்சிஜன் கருவி, அழைப்பு மணி, ஐஸ்பெட்டியில் இன்சுலின். நாலே வரி. இஎல்சிபியின் டெஸ்ட் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். குளியலறை ஹீட்டருக்குப் பத்து மில்லி ஆம்பியர் இஎல்சிபி இருக்கிறதா என்று உங்கள் வயர்மேனைக் கேளுங்கள். வீட்டு மெயினில் இருக்கும் நூறு மில்லி ஆம்பியர் இஎல்சிபி ஈர உடம்போடு நிற்கும் ஒருவரைக் காப்பாற்றாது.

"நம்ம சின்ன எடம் அண்ணே, ஒரு நோட்டுப் புத்தகமே போதும்" என்கிறவர்களும் இருக்கிறார்கள். நான்கு பேரைத் தங்கவைத்தாலே 1993-ஆம் ஆண்டுப் பராமரிப்பு நிலையச் சட்டத்தின் கீழ் சமூக நலத்துறையில் பதிய வேண்டும், சின்ன இடம் என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. நோட்டுப் புத்தகம் தப்பில்லை. கூகுள் ஷீட்டும் தப்பில்லை, காசும் ஆகாது. ஆனால் வாட்ஸ்அப் குழு வேண்டாம். காலை வணக்கத்துக்கும் பிறந்தநாள் வாழ்த்துக்கும் நடுவில் 'கைப்பிடி ஆடுது' என்ற வரி இரண்டு மணி நேரத்தில் மேலே போய் மறைந்துவிடும்.

எதை வைத்திருந்தாலும் முதலில் எண் போடுங்கள். ஒவ்வொரு கைப்பிடிக்கும், கட்டிலுக்கும், நாற்காலிக்கும் தண்ணீர் படாத ஸ்டிக்கரில் ஓர் எண். பெயரை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள், எண் ஒன்றுதான். ஒரே எண்ணுக்கு மூன்று மாதத்தில் இரண்டாவது புகார் வந்தால் அது ரிப்பேர் வேலை இல்லை, பொறுப்பாளரே நேரில் வந்து பார்க்க வேண்டிய வேலை. இதற்கு ஆயிரக்கணக்கில் வெள்ளி (ரிங்கிட்) செலவழிக்கத் தேவையில்லை.

ரிப்பேர் செய்தவரே புகாரை மூடக் கூடாது. என் அனுபவத்தில் இந்த ஒரு விதி பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும். யார் புகார் கொடுத்தாரோ அவர் போய்ப் பிடித்து இழுத்துப் பார்த்து மூடட்டும். பத்து பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தால் இது நடக்காது, ஆளுக்கு ஒன்று கொடுங்கள். உங்கள் ஆயாக்களில் ஒருவர் தமிழ் படிப்பார், ஒருவர் மலாய் மட்டும் படிப்பார், இன்னொருவருக்கு இரண்டும் சரியாக வராது. மெனு முழுக்க ஆங்கிலத்தில் இருந்தால் அவர்கள் கைக்கு முதலில் வருகிற பொத்தானை அழுத்துவார்கள். படம் போடுங்கள். போட்டோ எடுக்கச் சொல்லும்போது கவனம்: கைப்பிடி மட்டும் படத்தில் வரட்டும், குளித்துக்கொண்டிருக்கும் பாட்டி வரக் கூடாது. அது அவருடைய மானம். சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

வாரம் ஒரு நாள், அரை மணி நேரம், இல்லத்தை நடத்துகிறவர் டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். அந்த வாரம் பச்சை காட்டிய வேலைகளில் ஐந்தை மட்டும் எடுத்து, நேரில் போய்த் தொட்டுப் பாருங்கள். எந்த ஐந்து என்று யாருக்கும் முன்கூட்டியே சொல்லாதீர்கள். கங்காணி அப்படித்தான் நிரைக்குள் நுழைவார்.

அந்த அக்காவின் இல்லத்தில் இப்போது நாற்பத்தோரு எண்கள் ஒட்டியாகிவிட்டது. பாட்டிக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது, வாக்கரில் நாலடி வைக்கிறார் என்று போனவாரம் போன் வந்தது. திரும்பி வரும்போது பிடிப்பதற்குக் கழிவறையில் புதுக் கைப்பிடி இருக்கிறது, தகடு வைத்துப் போட்டது. நான் என் முழு எடையையும் போட்டுத் தொங்கிப் பார்த்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவைப் பார்க்கப் போகிற பிள்ளைகளுக்கும் ஒன்று கேட்கிறேன். பழமும் பலகாரமும் கொடுத்துவிட்டு, ஒரு நிமிடம் அவர்கள் போகிற கழிவறைக்குள் போய் வாருங்கள். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து இழுங்கள். ஆடினால், பக்கத்தில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பொறுப்பாளரிடம் சொல்லி, அவர் பதிவு செய்கிறவரைக்கும் அங்கேயே நில்லுங்கள். அடுத்த ஞாயிறு வந்து மறுபடியும் இழுத்துப் பாருங்கள்.