காயில்: சுருளா, வரிச்சுருளா, மின்தூண்டியா?

மேசை மேல் கம்பியும் பேட்டரியுமாக உட்கார்ந்து மின்காந்தச் சோதனை செய்பவர்கள் அடிக்கடி சொல்லும் சொல் காயில். "காயில் கட்டிட்டேன்", "காயில் சூடாகுது", "காயில் போயிடுச்சு." இதற்குப் பாடநூல்கள் தரும் தமிழ்ச் சொல் கம்பிச்சுருள். இடம் தெளிவாக இருந்தால் சுருள் என்றாலே போதும். ஆனால் காயில் வரும் இடத்தில் எல்லாம் சுருளைப் போட்டு நிரப்பிவிட முடியாது. அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று நான்கு வேறு பொருள்கள் ஒளிந்திருக்கின்றன.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் பிரெஞ்சு வழியாக வந்தது. மூலம் லத்தீனின் 'கொல்லிகெரே', அதாவது ஒன்றாகத் திரட்டுதல். 'கலெக்ட்' என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். கயிற்றை வளையம் வளையமாக அடுக்கித் திரட்டி வைப்பதைக் குறித்த சொல், பின்னால் கம்பிக்கும் மின்சாரத்துக்கும் வந்து சேர்ந்தது. ஆக, ஆங்கிலச் சொல்லின் அடியில் இருப்பது திரட்டும் செயல். தமிழ்ச் சொல்லின் அடியில் இருப்பது வடிவம். சுருள்வது தானாக வளைந்து மடங்குவது, சுருட்டுவது பிறர் வளைப்பது. ஓலைச்சுருள், சுருள்முடி, சுருள்வில் எல்லாம் இந்தக் குடும்பம். புகைக்கும் சுருட்டும் இதில் அடக்கம். அந்தச் சுருட்டுதான் கடல் கடந்து ஆங்கிலத்தில் 'செரூட்' ஆனது. கடன் வாங்கியது நாம் மட்டுமல்ல.

இன்னொரு வேடிக்கை. கொசுவத்திக் காயிலைச் சுருள் என்று சொல்ல யாருக்கும் நாக்கு கூசுவதில்லை. மின்சாரத்துக்கு வந்ததும் காயில்தான். காரணம், இந்தச் சொல் பட்டறை வழியாகப் புழக்கத்துக்கு வந்தது, பாடநூல் வழியாக அல்ல. பாபின் (கம்பி சுற்றும் உருளை), கேஜ் (கம்பியின் தடிமன்), வைண்டிங் (சுற்றுதல்) என்ற கூட்டாளிகளோடு வந்து, தமிழில் தனக்கென ஒரு வினையையும் தேடிக்கொண்டது: காயில் 'கட்டுவது'. கம்பியைச் சுற்றுகிறோம், காயிலைக் கட்டுகிறோம். சுற்றுவது கையின் வேலை மட்டும். கட்டுவதில் சுற்றி, முனைகளை இழுத்து, நூல் போட்டு இறுக்கி, வார்னிஷ் பூசி முடிப்பது வரை எல்லாம் அடங்கும்.

பொருளுக்கு வருவோம். மின்னோட்டம் பாயும் நேர்க்கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டு என்பதை 1820இல் அறிவித்தவர் அயர்ஸ்டெட். கம்பியை வளைத்துப் பல சுற்றுகளாக அடுக்கினால் ஒவ்வொரு சுற்றின் புலமும் நடுவில் ஒன்றுசேரும். 1825இல் வில்லியம் ஸ்டர்ஜன் காட்டிய மின்காந்தத்தில் 7 அவுன்ஸ் எடையுள்ள இரும்பு லாடத்தின் மீது 18 சுற்றுகள். அது 9 பவுண்டு தூக்கியது. அவர் சுற்றியது வெறும் கம்பி. இரும்புக்குத்தான் வார்னிஷ் பூசியிருந்தார். அதனால் சுற்றுகள் ஒன்றையொன்று தொடாதபடி இடைவெளி விட வேண்டியிருந்தது. ஜோசப் ஹென்றி பட்டுநூலால் கம்பியையே போர்த்தி, நெருக்கி நெருக்கிப் பல அடுக்குகளாகச் சுற்றினார். 1831இல் யேல் கல்லூரிக்கு அவர் செய்து கொடுத்த காந்தம் 2,000 பவுண்டுக்கு மேல் தூக்கியது. திரட்டுதல் என்ற பழைய லத்தீன் பொருள் உண்மையில் பலித்தது இந்தக் காப்பிட்ட கம்பியால்தான். இன்று பட்டுக்குப் பதில் எனாமல். தாமிரம் போலவே பளபளப்பதால் அது பூச்சு என்பதே புதியவர் கண்ணுக்குத் தெரியாது. முனையைச் சுரண்டாமல் இணைத்துவிட்டு, மின்னோட்டம் ஏன் வரவில்லை என்று தேடுவார்கள்.

வரிச்சுருள் என்பது 'சோலினாய்டு'. நீண்ட உருளை வடிவில் ஒரே சீராகச் சுற்றிய சுருள். கிரேக்கத்தில் 'சோலென்' என்றால் குழாய். அதிலிருந்து இந்தப் பெயரை 1820களில் உருவாக்கியவர் ஆம்பியர். குழாய் என்ற படிமம் தமிழில் இல்லை. சுற்றுகள் வரிவரியாக நிற்கும் தோற்றம் இருக்கிறது. மோசமில்லை. பார்த்த கண்ணுக்கு வரிச்சுருள் என்ற பெயரே பொருந்துகிறது.

மின்தூண்டி வேறு. அது வடிவத்தின் பெயரல்ல, வேலையின் பெயர். மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் பண்புக்குத் தன் மின்தூண்டல் எண் என்று பெயர். அலகு ஹென்றி. அந்தப் பண்புக்காக மின்சுற்றில் வைக்கும் உறுப்பு மின்தூண்டி. ஒரு கணக்கு: 2 செ.மீ. விட்டம், 10 செ.மீ. நீளமுள்ள குழாயில் 0.5 மி.மீ. கம்பியை நெருக்கமாக ஒரே அடுக்கில் சுற்றினால் ஏறத்தாழ 200 சுற்று வரும். கம்பி சுமார் 13 மீட்டர், மின்தடை ஓர் ஓமுக்குச் சற்றே மேல். 1 ஆம்பியர் விட்டால் நடுவில் ஏறத்தாழ 2.5 மில்லிடெஸ்லா, அதாவது புவியின் காந்தப்புலத்தைப் போலப் பல பத்து மடங்கு. மின்தூண்டல் எண் சுமார் 150 மைக்ரோஹென்றி. அதே நீளத்தில் இன்னோர் அடுக்குச் சுற்றிச் சுற்றுகளை இரட்டித்தால் புலம் இரு மடங்கு, மின்தூண்டல் எண் நான்கு மடங்கு. ஆகவே "பெரிய காயில்" என்று சொல்பவரிடம், எதில் பெரியது என்று கேட்டாக வேண்டும். மின்னோட்டத்தைச் சட்டென்று துண்டித்தால் எழும் பின்னோக்கு மின்னியக்கு விசை, அதாவது திடீரென எகிறும் மின்னழுத்தம், ட்ரான்சிஸ்டரைக் கொல்வதும் இந்தப் பண்பால்தான். சுருளுக்கு இணையாக, மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடைத் திருப்பிப் போடுவது அதற்காகவே.

மிக உயர்ந்த மின்னழுத்தம் எடுக்க நிகோலா டெஸ்லா உருவாக்கிய டெஸ்லா காயிலை டெஸ்லா சுருள் எனலாம். 1891இல் வந்த அதில் முதன்மைச் சுருள், துணைச்சுருள் என்ற பெயர்கள் மின்மாற்றியிலிருந்து வந்தவை. வேலை மட்டும் வேறு: மின்னழுத்தம் ஏறுவது சுற்றுகளின் விகிதத்தால் அல்ல, பெரும்பாலும் ஒத்ததிர்வால், அதாவது இரு சுருள்களும் ஒரே அதிர்வெண்ணில் இசைந்து அதிர்வதால். ஹீட்டர் காயிலில் காந்தத்துக்கு வேலையே இல்லை, அது வெப்பச்சுருள்.

சிக்கலானது 'பைஃபைலார் காயில்'. இரண்டு கம்பிகளை இணையாக வைத்துச் சுற்றுவது. லத்தீன் 'ஃபீலம்' என்றால் நூல். இருபுரிச் சுருள் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது, ஆனால் புரி என்றாலே முறுக்கு வந்துவிடுகிறது. இங்கே முறுக்கு கட்டாயமில்லை. இருகம்பிச் சுருள் போதும். ஆனால் அந்தப் பெயரும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. இரண்டு கம்பிகளிலும் மின்னோட்டம் எதிரெதிராகப் பாய்ந்தால் புலம் ஏறக்குறைய அற்றுப்போகும். கம்பி மின்தடைகளில் மின்தூண்டலை ஒழிக்க இந்த முறைதான். டெஸ்லா 1894இல் காப்புரிமை பெற்ற சுருளில் இரண்டும் ஒரே திசை. அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே மின்னழுத்த வேறுபாடு கூடி, சுருளே ஒரு மின்தேக்கியும் ஆகிறது. இதை வைத்து இலவச மின்சாரம் எடுக்கலாம் என்று உலவும் பேச்சைத் தள்ளிவிடலாம், காப்புரிமையில் அப்படி எதுவும் இல்லை. வரைபடத்தில் இருகம்பிச் சுருள் என்று எழுதும்போது, பக்கத்திலேயே ஒருதிசை, எதிர்திசை என்றும் குறித்துவிடுங்கள்.